ஆல்ஃபா பெட் வாங்கியாச்சு, இனி இரவில் திருப்ப வேண்டாமா?

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டது:

என் கணவருக்கு பைக் விபத்தில் தண்டுவடத்தில் அடி. டி10 என்கிறார்கள், தொப்புள் மட்டமாம், அதற்குக் கீழே உணர்வில்லை. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. படுக்கைப்புண் வராமலிருக்க, மோட்டாரில் காற்று ஏறி இறங்கும் ஆல்ஃபா பெட் வாங்கிவிட்டோம். அது தானே காற்றை மாற்றிக்கொள்ளும், ராத்திரி எழுந்து திருப்ப வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னார். மாமியாரும் அதையே பிடித்துக்கொண்டு 'நீயும் கொஞ்சம் தூங்கும்மா' என்கிறார். நிஜமாகவே திருப்ப வேண்டாமா?

12 நவம்பர் 2023, இரவு 11.20

திருப்ப வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

கடைக்காரர் விற்கிறவர். ராத்திரி உங்கள் வீட்டில் அவர் முழித்திருக்கப் போவதில்லை.

என் தம்பிக்கு டி4. எண் குறையக் குறைய அடி மேலே, இவனுக்கு மார்பு மட்டம். பெயின்டர். 2018ல் மூன்றாவது மாடி சாரத்திலிருந்து விழுந்தான். ஆபரேஷன் முடிந்து வார்டில் இருந்தபோது, 'திருப்பினால் உள்ளே வைத்த கம்பி நகர்ந்துவிடும்' என்று ஒரு அட்டெண்டர் பயமுறுத்தினார். நாங்களும் நம்பி ஐந்து நாள் அப்படியே மல்லாக்கப் போட்டு வைத்திருந்தோம். மரக்கட்டையை உருட்டுவது போல தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் உருளும்படி நாலு பேர் சேர்ந்து திருப்பலாம் என்று ஆறாவது நாள்தான் ஒரு நர்ஸ் காட்டிக்கொடுத்தார். அதற்குள் முதுகுக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே, ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வரும்போது அது என் கைமுஷ்டி போகும் பள்ளம். மூட நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் உட்கார முடியாது, பிசியோ கிடையாது. அடிபட்டதை விட அந்தப் புண்தான் அவனை அதிகம் படுக்கவைத்தது.

ஆல்ஃபா பெட் நல்ல சாமான், நாங்களும் வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் குழாய்களில் ஒன்றுவிட்டு ஒன்று காற்று ஏறி இறங்குவதால் அழுத்தம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். அவர் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். உங்கள் கைக்கும் அவர் எலும்புக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அவர் பலகையில் படுத்திருப்பதாகத்தான் அர்த்தம்.

திருப்பும்போது முழு ஒருக்களிப்பு வேண்டாம், இடுப்பு எலும்பின் முனையில் பாரம் விழும். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

12 நவம்பர் 2023, இரவு 11.55

விட்டுப்போனது. பெட் மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்புதான். என் அம்மா முதலில் ரப்பர் ஷீட், அதன் மேல் போர்வை, அதன் மேல் இன்னொரு போர்வை, அதன் மேல் பழைய பட்டுப்பாவாடை எல்லாம் போட்டிருந்தாள். மோட்டார் பாவம் கீழே ஊதிக்கொண்டே இருந்தது, மேலே ஒன்றும் எட்டவில்லை.

15 நவம்பர் 2023

சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்தால் ரத்த ஓட்டம் வரும் என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் தோலுக்குக் கீழே ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது, தேய்த்தால் இன்னும் கிழியும். வறண்ட கைகாலுக்கு எண்ணெய் தடவலாம், சிவந்த இடத்தில் கை வைக்கக்கூடாது. நடுவில் ஓட்டை வைத்த காற்று ரிங்கும் வேண்டாம். நாங்கள் வாங்கினோம். ஓட்டையைச் சுற்றி வளையமாக அழுத்தி, நடுவில் இருந்த புண்ணுக்கு வரும் ரத்தத்தையும் அது நிறுத்தியது.

இன்னொன்று. 'சிவந்திருக்கிறதா பார்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நம் நிறத்தில் எங்கே சிவப்பு தெரிகிறது? நான் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்துத் தோலை விடச் சூடா, கொஞ்சம் கெட்டியா, இல்லை மாவு போல தொளதொளவென்று இருக்கிறதா. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு நிழல் தெரியும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் அந்த நிழல் மாறவில்லை என்றால், அது சரியாகும் வரை அந்தப் பக்கம் படுக்கவே கூடாது.

21 நவம்பர் 2023

ஃபோலி கேத்தீட்டரை, அதாவது மூத்திரப் பையிலேயே விட்டுவைத்திருக்கும் குழாயை, எப்போது எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர் சரி என்றதும் எடுத்துவிடுங்கள், ஒரு நாள் கூடத் தள்ளாதீர்கள். அப்புறம் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நெலட்டான் என்ற மெல்லிய குழாயை விட்டு, மூத்திரப் பையைக் காலி செய்து, எடுத்துவிடும் முறை. வார்டில் இதைச் சி.ஐ.சி. என்பார்கள். கணக்கு எளிது. ஒரு தடவைக்கு 400 மில்லி, போனால் 500. அதற்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம், இல்லை தண்ணீர் அதிகம். தம்பி முதல் மாதம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பெயின்டால் கோடு போட்டு அளந்தான். ராத்திரி எழாமல் இருக்க சாயங்காலம் ஏழுக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்வான். பகலில் குறைக்கக்கூடாது.

டி10 என்றால் உங்கள் கணவருக்குக் கை நன்றாகவே இருக்கும். இதை அவரே கற்றுக்கொள்ளட்டும். நீங்கள் செய்ய ஆரம்பித்தால் அப்புறம் விடவே மாட்டீர்கள். நானும் விடவில்லை, ஒரு வருஷம். அது என் தப்பு. அவனால் முடியும் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் லேசாகக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் தூங்கியிருக்கலாமே என்று.

22 நவம்பர் 2023

நேற்று எழுதாமல் விட்டது: யூரின் கல்ச்சர். முதல் இரண்டு வருஷம் மாதாமாதம் லேபுக்குக் கொண்டுபோவேன். ஒவ்வொரு தடவையும் கிருமி இருக்கிறது என்று வரும், ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக். கடைசியில் எந்த மாத்திரையும் கேட்காத கிருமியாக வந்து நின்றது. கேத்தீட்டர் போடுகிறவர்களுக்குக் கிருமி இருக்கத்தான் செய்யும், காய்ச்சல், குளிர், புதிதாகக் கசிவு, கால் வெட்டி இழுப்பது அதிகமாவது, இந்த மாதிரி ஏதாவது இருந்தால்தான் மருந்து என்று கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாற்றத்தை மட்டும் வைத்து ஓடாதீர்கள். முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்.

7 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் வெள்ளம். கரன்ட் நேற்று ராத்திரிதான் வந்தது. எங்கள் வீடு வியாசர்பாடியில் தரைத்தளம். 4ஆம் தேதி காலையில் கரன்ட் போனது, மத்தியானம் தண்ணீர் வாசற்படி ஏறியது. கட்டிலுக்கு நாலு காலிலும் இரண்டிரண்டு செங்கல் வைத்தோம். மோட்டார் நின்ற அரை மணியில் ஆல்ஃபா பெட் சுருங்கி வெறும் பிளாஸ்டிக் தோலாகிவிட்டது. காற்றுப் போன அந்தக் குழாய்களின் மடிப்பு, அதன் மேல் தம்பியின் எலும்பு.

தம்பிதான் சொன்னான், 'அக்கா, இதை உருவிப் போடு, அம்மாவோட பஞ்சு மெத்தையைப் போடு' என்று. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நானும் என் வீட்டுக்காரரும் அவனை ஒருபக்கம் உருட்டி, உருவி, மறுபக்கம் உருட்டி, விரித்து... மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்று ராத்திரி. போனில் சார்ஜ் இல்லாததால் அலாரம் கிடையாது. அம்மா உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். இத்தனை சுற்று முடிந்தால் இரண்டு மணி நேரம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். காலையில் வாட்ச்சோடு சரிபார்த்தேன், கால் மணி கூட வித்தியாசமில்லை.

தோலில் ஒரு நிழல் கூட இல்லை.

கடைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

9 டிசம்பர் 2023

தம்பி இதையெல்லாம் படித்துவிட்டு 'நீ எழுதுறது பாதிதான் சரி' என்கிறான். சரி, திருத்துகிறேன்.

இரண்டு மணி நேரம் என்பது கல்வெட்டு அல்ல. 1944ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் போரில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென ஒரு பிரிவு தொடங்கினார். அதுவரை இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பவைத்தார். அங்கிருந்து வந்த பழக்கம் இது. முதல் மாதங்களில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தோலைப் பார்த்துப் பார்த்து, டாக்டரைக் கேட்டு, அரை அரை மணியாகக் கூட்டலாம். தம்பி இப்போது குப்புறப் படுத்து ராத்திரி ஐந்து மணி நேரம் ஒரே தூக்கம். நெஞ்சுக்கும் தொடைக்கும் முழங்காலுக்குக் கீழேயும் தலையணை, பாதம் மெத்தையின் விளிம்புக்கு வெளியே தொங்கும். குப்புறப் படுத்தால் வால் எலும்புக்கு முழு விடுமுறை.

ஆனால் பகலில் வீல்சேரில் உட்கார்ந்தால் கணக்கு வேறு. கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பிட்டத்துக்கு இளைப்பாறல் தர வேண்டும். ஒரு நொடி தூக்கி இறக்கினால் போதாது, இரண்டு நிமிடமாவது. டீவி விளம்பரம் வரும்போதெல்லாம் குனிவது என்று வைத்துக்கொண்டான். விளம்பரங்களால் வந்த ஒரே நன்மை.

18 பிப்ரவரி 2024

இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். மலம்.

அக்கா தம்பிக்குச் செய்வது இரண்டு பேருக்கும் தர்மசங்கடம். முதலில் அம்மா செய்தாள், அவள் இடுப்பு போனது. அப்புறம் நான் கையுறை போட்டுக்கொண்டு நின்றபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, 'அக்கா, நீ போ, மாமாவை வரச்சொல்லு' என்றான். என் வீட்டுக்காரர் எங்கள் பிள்ளைக்கே ஒருநாள் கழுவிவிட்டதில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து, 'ஒண்ணுமில்ல, டியூட்டி மாதிரிதான்' என்றார். அவர் ரயில்வேயில் இருக்கிறார். அன்றிலிருந்து அது டைம்டேபிளில் ஏறிவிட்டது.

டைம்டேபிள்தான் இதில் விஷயமே. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம். காலையில் சூடாக ஏதாவது குடித்துச் சாப்பிட்ட பிறகு குடல் தானாக அசையும், அரை மணிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இடதுபக்கம் சாய்த்து சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மாத்திரை), கொஞ்ச நேரம் விட்டு ஜெல்லி தடவிய விரலால் மெதுவாகச் சுழற்றல், அப்புறம் கமோட் சேர். மூன்று மாதம் பிடிவாதமாகச் செய்தால் குடலுக்குப் பழகிவிடும். டயப்பர் செலவு நின்றது, அதை விட அவன் கல்யாண வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

அடிபட்ட இடத்தைப் பொறுத்து இது மாறும். தண்டுவடத்தின் அடி நுனியில் பட்டவர்களுக்கு இந்தத் தூண்டல் வேலை செய்யாது, கையால் எடுக்க வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

11 மே 2024

கத்திரி வெயில். மத்தியானம் தம்பி கே.கே. நகரிலிருந்து ஆட்டோவில் வந்தான், வரும்போதே மந்தமாக இருந்தான். தெர்மாமீட்டரில் 102. தொற்று என்று நினைத்துக் குரோசின் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், முகம் கழுத்தெல்லாம் வேர்வை ஓடுகிறது, மார்புக்குக் கீழே கண்ணாடி போலக் காய்ந்து கிடக்கிறது. அவனுக்கு அங்கே வேர்க்காது. உடம்பில் முக்கால்வாசிக்கு வேர்வை இல்லாமல் சென்னையில் மே மாதத்தைத் தாண்ட வேண்டும். ஈரத்துண்டு போட்டு ஃபேனை வைத்தோம், அரை மணியில் 100க்கு வந்தது. இப்போது வெளியே போனால் செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் மடியில் இருக்கும்.

அதே நாள், இன்னொன்று. வீல்சேரின் கால் வைக்கும் தகடு வெயிலில் காய்ந்திருந்தது. செருப்பு இல்லாமல் கால் அதன் மேல். சாயங்காலம் சாக்ஸ் போடும்போதுதான் கொப்புளம் தெரிந்தது. வலிக்காத கால் புகார் சொல்லாது. வெந்நீர்ப் பை, மடியில் லேப்டாப், சுடச்சுட டீ டம்ளரைத் தொடையில் வைப்பது, எல்லாம் இதே கதைதான்.

2 ஜூலை 2024

இது முக்கியம். டி6லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் கல்யாணம். பயணத்துக்காக ஃபோலி போட்டு, பையைக் காலில் கட்டியிருந்தோம். மண்டபத்தில் தம்பி, 'அக்கா, தலை வெடிக்குது' என்றான். நெற்றியெல்லாம் வேர்வை, கை மயிர் சிலிர்த்து நிற்கிறது. சாதாரணமாக அவன் பி.பி. 96, 60. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பார்த்தால் 164, 100. 'கொஞ்சம் அதிகம்தான், படுக்கவைங்க' என்று அங்கே சொன்னார்கள். நான் கத்திவிட்டேன். படுக்கவைத்தால் இன்னும் ஏறும். நேராக உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட வேண்டும், பெல்ட், இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும், அப்புறம் காரணத்தைத் தேட வேண்டும். உணர்ச்சி இல்லாத உடம்பில் எங்கோ ஏதோ தொந்தரவு, அதை மூளைக்குச் சொல்ல வழியில்லாமல் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. பெரும்பாலும் மூத்திரப் பை நிரம்பியிருக்கும், அடுத்தது மலச்சிக்கல், அப்புறம் புண், நகம் உள்ளே வளர்ந்தது.

அவனுக்குத் தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் காலில் கட்டிய பை மளமளவென்று நிறைந்தது. பத்து நிமிடத்தில் பி.பி. 112. விட்டிருந்தால் மூளையில் ரத்தக் கசிவு, வலிப்பு வரை போகக்கூடிய விஷயம் இது.

இப்போது அவன் பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது: டி4, சாதாரண பி.பி. இவ்வளவு, தலைவலி என்றால் உட்காரவை, டியூபைப் பார்.

3 ஜூலை 2024

மேடவாக்கம் சகோதரி பயந்து போய் எழுதியிருக்கிறார். உங்கள் கணவருக்கு டி10. பொதுவாக இது வராது. தூங்குங்கள்.

25 ஆகஸ்ட் 2024

சும்மா ஒரு செய்தி. மெரினாவில் போட்டிருக்கும் மரப்பாதையில் தம்பியைக் கடல் வரை கூட்டிப்போனோம். 2022 நவம்பரில் திறந்தார்கள், இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் பிய்த்துப்போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். 263 மீட்டர். அலைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிறது, மீதியை மாமா முதுகில் ஏற்றிக்கொண்டார். தாழ்தளப் பேருந்தும் இந்த வருஷம் வந்திருக்கிறது. பேருந்து வரை போகும் நடைபாதைதான் இன்னும் வரவில்லை.

உதவித்தொகை பற்றிக் கேட்டவருக்கு: மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மாதப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய், தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள்.

அம்மா ஒரு காலத்தில் 'எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்று அழுதுகொண்டே இருப்பாள். வேலூரில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் 1954ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, அப்புறம் வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார் என்று பிசியோ சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அவங்களுக்கு யாரு சோறாக்கிப் போட்டாங்க?' என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது.

19 ஜனவரி 2025

மேடவாக்கம் கணவர் தானே சி.ஐ.சி. செய்கிறாராம், பக்கத்துத் தெருக் கடைக்கும் போய்வருகிறாராம். நல்லது. மாமியார் இப்போது தூங்குகிறாரா?

தோலை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நான் இல்லை. தம்பி பெயின்ட் ரோலரின் நீளக் கைப்பிடியில் ஒரு பைக் கண்ணாடியைக் கட்டியிருக்கிறான். புதுப்பேட்டையில் 80 ரூபாய். காலையிலும் ராத்திரியும் படுத்தபடியே, சுவரில் திட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி, வரிவரியாகத் தன் பின்பக்கத்தைப் பார்க்கிறான்.

21 ஜனவரி 2025

திருத்தம். பைக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள். அது குமிழ்க் கண்ணாடி, எல்லாம் சின்னதாகத் தெரியும். முந்தாநாள் இடதுபக்கம் ஒரு நிழலை மிளகு அளவு என்று சொன்னான், போய்ப் பார்த்தால் புளியங்கொட்டை. இரண்டு நாள் அந்தப் பக்கம் உட்காரவில்லை, மறைந்துவிட்டது. இப்போது அப்பாவின் பழைய ஷேவிங் கண்ணாடியைக் கட்டியிருக்கிறான். தட்டைக் கண்ணாடிதான் வேண்டும்.